ஆச்சி சொன்ன கதை புத்தகத்தில் இல்லை



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, பதினொரு மணி இருக்கும், புனேயில் வேலை பார்க்கும் என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கையில் நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் பெற்றவளின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதறிக்கொண்டு எடுத்தேன். அவளோ மிகச் சாதாரணமான குரலில், "அம்மா, என்னோட அந்த யானைப் புத்தகம் எங்கம்மா இருக்கு? அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வாங்க" என்றாள்.

எந்த யானைப் புத்தகம் என்பது எனக்கு உடனே பிடிபடவில்லை. அவளே நினைவுபடுத்தினாள். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ஒரு சிறிய இந்திப் படப் புத்தகம். அவளுக்கு நான்கு வயதாக இருக்கையில் வாங்கியது. அட்டை பிய்ந்து, பின் துருவேறி, ஒரு பக்கம் முழுவதும் பச்சை நிறக் கிரேயானால் கிறுக்கப்பட்டிருந்தது. உடன் வேலை செய்யும் ஒருவரின் வீட்டில் குழந்தையின் பிறந்தநாளுக்குப் போனவள், அங்கே ஒரு யானைப் படத்தைக் கண்டதும் தன்னுடையது ஞாபகம் வந்துவிட்டதாகச் சொன்னாள்.

அந்தப் புத்தகம் எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும். 2016-ஆம் ஆண்டு நாங்கள் சயான் கோலிவாடாவில் இருந்த சால் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கல்யாண் பக்கம் குடிபெயர்ந்தபோது, பரணில் கிடந்த பழைய பாடப் புத்தகங்கள், நாட்காட்டிகள், செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் கட்டி, பழைய பேப்பர் எடுக்கும் ரத்திக்காரரிடம் நிறுத்துக் கொடுத்தேன். அந்தக் கட்டுக்குள்தான் யானையும் போனது. புது வீட்டில் பரண் கிடையாது; குப்பையைக் குறைக்க வேண்டும் என்பதே அன்று என் எண்ணம். அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

உள்ளதைச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பின்பு அவள் அழுவது கேட்டது. இருபத்தைந்து வயதுப் பெண், கணினித் துறையில் நான்கு பேரை வைத்து வேலை வாங்குகிறவள், பத்து ரூபாய்ப் புத்தகத்துக்காகத் தேம்பித் தேம்பி அழுகிறாள். "வேற வாங்கித் தரேன்டி" என்றேன். "வேற வாங்கலாம்மா. ஆனா அது ஆச்சி தொட்ட புத்தகம்" என்றாள்.

ஆச்சி என்று அவள் சொன்னது என் தாயாரை. அவர்கள் 2011-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

இந்த மாதம் குடும்பப் பக்கத்தில் வேறொன்றைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அந்த இரவுக்குப் பின் இதை எழுதாமல் மற்றதை எழுத முடியவில்லை. படப் புத்தகங்களைப் பற்றித்தான். ஆனால் முதலில் என் சிறு வயதுக்குப் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், நாசரேத்துக்குத் தெற்கே. தகப்பனார் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தார்கள். 1982-இல், எனக்கு ஏழு வயது. ஒரு சனிக்கிழமை இரவு வீடு வந்தவர்கள் பைக்குள்ளிருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்தார்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் நடத்திய கண்காட்சியில் வாங்கியது. அந்நாட்களில் மாஸ்கோவில் அச்சாகி வந்த புத்தகங்கள் நம் ஊர்களில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. கெட்டித் தாள், பளிச்சென்ற வர்ணங்கள், ஒருவித மை வாசனை. உங்களில் ஐம்பதை எட்டியவர்களுக்கு அந்த வாசனை இப்போதே மூக்கில் வந்திருக்கும். தமிழிலும் அநேகம் வந்தன. ஆனால் என் தகப்பனார், பிள்ளைக்கு இங்கிலீஷ் வரட்டும் என்று இங்கிலீஷ் புத்தகமாகவே வாங்கிவிட்டார்கள். லியோ டால்ஸ்டாய் எழுதிய மூன்று கரடிகள் கதை.

வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் தகப்பனார் ஒருவரே. அவர்களோ வாரத்தில் ஒரு நாள்தான் ஊரில் இருப்பார்கள். அந்த ஒரு நாளும் ஒரு சங்கடம் வந்தது. ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்த சபைப் பெரியவர் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இது நாத்திக தேசத்துப் புத்தகமல்லவா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரஷ்யாவில் விசுவாசிகள் படும் பாடுகளுக்காக எங்கள் ஜெபக்கூட்டங்களில் கண்ணீரோடு ஜெபித்த காலம் அது. சைபீரியாவிலிருந்து வந்த ஏழு பெந்தெகொஸ்தே விசுவாசிகள் 1978 முதல் 1983 வரை மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்து கிடந்தார்கள். அப்படிப்பட்ட தேசத்திலிருந்து நம் பிள்ளைகளுக்கு எதற்குப் புத்தகம் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தகப்பனார் மறுபேச்சுப் பேசாமல் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவர்கள் தூத்துக்குடி பஸ் ஏறியதும் தாயார் அதை இறக்கினார்கள். "படத்துல என்ன பாவம் இருக்கு? கரடிக்குக் கட்சியா தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் தூசியைத் துடைத்தது இன்றும் கண்முன் நிற்கிறது.

பின்னாளில் நான் அறிந்த ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்களை வரைந்த யூரி வஸ்னெத்ஸோவ் 1900-இல் வியாட்கா என்ற ஊரில் ஒரு குருவானவரின் வீட்டில் பிறந்தவர். அவ்வூர்ப் பெண்கள் களிமண்ணில் செய்து வர்ணம் தீட்டும் பொம்மைகளின் சாயல் அவர் படங்களில் உண்டு. மூன்று கரடிகளை அவர் முதலில் வரைந்தது 1935-இல். எங்கள் பெரியவருக்கும் அது தெரியாது, தாயாருக்கும் தெரியாது.

தாயார் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்கள். தமிழ் வேதாகமத்தைச் சரளமாக வாசிப்பார்கள். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. அதனால் என்ன? விளக்கை அருகே இழுத்து வைத்து, என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, படத்தைப் பார்த்துக் கதை சொன்னார்கள். காட்டுக்குச் சுள்ளி பொறுக்கப் போன ஒரு பிள்ளை வழி தவறிவிட்டது. ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்து, மேசையில் இருந்த கஞ்சியைக் குடித்தது, குட்டிக் கரடியின் நாற்காலியில் உட்கார்ந்து அதை ஒடித்தது, கட்டிலில் படுத்து உறங்கிப் போயிற்று. கரடிகள் திரும்பி வந்தன. நான் பயந்து தாயாரின் கையைப் பிடித்துக்கொள்வேன். "ஏட்டி, படத்தப் பாரு. கரடியம்மாவுக்குக் கோவமா வருது? பாவம், பசியோட வந்த பிள்ளைன்னுல்லா பாக்கா" என்பார்கள். அப்பா கரடி தச்சு வேலை தெரிந்தவர். நாற்காலியை மறுநாளே சரிசெய்துவிடுவார். குட்டிக் கரடி தன் கிண்ணத்தில் மிச்சமிருந்ததையும் அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிடும். கடைசியில் பெண் ஜன்னல் வழியாக ஓடுகிறாளே, ஏன் என்று ஒவ்வொரு நாளும் கேட்பேன். ஒவ்வொரு நாளும் ஒரே பதில்: "வீட்டுல அவ அம்மா தேடுவால்லா? அதான் ஓடுதா. கரடிங்க போயிட்டு வா மக்கான்னு சொல்லுது."

இரண்டு வருடம் இந்தக் கதையைக் கேட்டேன். 1984 மழையில் பெட்டிக்குள் கறையான் ஏறிப் புத்தகம் மண்ணாகிப் போயிற்று. அப்போது எனக்கு இங்கிலீஷில் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆகவே அதில் உண்மையில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் வாசித்ததே இல்லை.

அதே காலத்தில் இன்னொரு படமும் என்னைப் பிடித்திருந்தது. மனுஷனுடைய இருதயத்தைப் படங்களாகக் காட்டும் அந்தச் சிறு நூலை நம் சபைகளில் பார்க்காதவர்கள் அரிது. இருதயத்துக்குள் மயில், ஆட்டுக்கடா, பன்றி, ஆமை, சிறுத்தை, பாம்பு, தவளை. யோகான்னஸ் கோஸ்னர் என்ற ஜெர்மானிய ஊழியர் 1812-இல் வெளியிட்டது. அவர் அனுப்பிய மிஷனரிகள் 1845-இல் ராஞ்சிக்கு வந்தார்கள் என்பது வரலாறு. இருநூறு வருடங்களுக்கு மேல் ஒரு படம் நிலைத்து நிற்கிறது என்றால் அதன் வலிமையைப் பாருங்கள். எனக்கு அந்தத் தவளைதான். ஓய்வுநாள் பள்ளியில் அதைக் கண்ட நாள் முதல், நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் உள்ளே தவளை குதிக்கிறது என்று நிச்சயமாக நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. பல இரவுகள் விழித்துக் கிடந்தேன். ஒருநாள் தாயார் கண்டுபிடித்து, என்னவென்று கேட்டு அறிந்து, தம் உள்ளங்கையை என் மார்பின் மேல் வைத்து, "இது தவளை இல்ல மக்கா, இது உன் உசுரு ஓடுத சத்தம்" என்றார்கள். அன்று தூங்கினேன்.

இப்போது யோசித்துப் பார்க்கையில், கரடியும் தவளையும் என் மனதில் ஒரே பெட்டியில்தான் கிடக்கின்றன. கரடி தவளையைவிடப் பெரியது, பல்லும் நகமும் உள்ளது. ஆனால் கரடிக்கு நான் பயப்படவில்லை, தவளைக்குப் பயந்தேன். கரடியைத் தாயார் மடியில் இருந்து பார்த்தேன். தவளையைத் தனியே பார்த்தேன். வேறு எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

சிறு வயதுப் படம் இப்படி ஒட்டிக்கொள்வதேன்? வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் காதும் கண்ணும் மட்டுமே திறந்திருக்கின்றன. காதில் விழுவது தனக்கு நெருங்கிய ஒருவரின் குரல். கண்ணில் படுவது படம். இரண்டும் ஒரே நேரத்தில், தினந்தோறும், அதே வரிசையில் வருகின்றன. பிள்ளைகள் அதே கதையையே நூறு தரம் கேட்பது நமக்குச் சலிப்பு; அவர்களுக்கோ அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே ஆறுதல். குரலின் பங்கு பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1986-இல் அமெரிக்காவில் அந்தோணி டிகாஸ்பர், மெலனி ஸ்பென்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பிணிப் பெண்கள் கடைசி ஆறு வாரங்கள் தினமும் இரண்டு முறை ஒரு குழந்தைக் கதையைச் சத்தமாக வாசித்தார்கள். பிறந்து சில நாளே ஆன சிசுக்கள், சூப்பானைச் சப்பும் விதத்தை மாற்றி, வயிற்றிலிருந்தபோது கேட்ட கதையையே மறுபடி கேட்க விரும்பின. வேறொரு பெண் வாசித்தாலும் விரும்பின. பிரசவத்துக்கு ஊருக்குப் போகும் நம் சகோதரிகள் இதைச் சற்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நம்மைப் போல் இடம் விட்டு இடம் வந்தவர்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். உலகம் முழுவதும் பிள்ளைகள் அறிந்த பசித்த கம்பளிப்புழுப் புத்தகத்தை 1969-இல் வெளியிட்ட எரிக் கார்ல் அமெரிக்காவில் பிறந்தவர். ஆறு வயதில் பெற்றோர் அவரைத் தங்கள் சொந்த ஊரான ஜெர்மனிக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். புதிய பள்ளியில் அடி வாங்கிய பிள்ளை அவர். அவருடைய தகப்பனார் ஓய்வு நேரங்களில் மகனைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, கல்லைப் புரட்டி, அடியில் இருக்கும் பூச்சி புழுக்களைக் காட்டுவாராம். பின்பு போர் வந்தது. தகப்பனார் படைக்குப் போய், ரஷ்யர்களிடம் கைதியாகி, 1947-இல் எலும்பும் தோலுமாய்த் திரும்பினார். 2021-இல் மறைந்த எரிக் கார்ல் வரைந்தவற்றில் புழு, வண்டு, சிலந்தி, சிள்வண்டு எல்லாம் உண்டு. கல்லைப் புரட்டிய கை யாருடையது என்பது உங்களுக்குப் புரியும்.

சரி, என் மகளின் யானைக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாயிருக்கிறது, ஆயினும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை.

2004 மழைக்காலத்தில் தாயார் எங்களோடு மும்பையில் நான்கு மாதம் தங்கினார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம். பத்துக்குப் பத்து அறையில், வெளியே மழை, அக்கம்பக்கத்தில் மராத்தியும் இந்தியும். நான்கு வயதுப் பிள்ளையும் ஆச்சியும் மட்டுமே. இந்திப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் தாயாருக்குத் தெரியாது. ஆனால் யானையைத் தெரியும். இரவில் நான் சமையலை முடிக்கும்வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டிக் கதை சொல்வார்கள். அது ஒரு நீண்ட கதை. யானைக்குட்டி தாதரில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி, ஊரிலிருக்கும் தன் ஆச்சியைப் பார்க்கப் புறப்பட்டிருந்தது. ஒவ்வோர் இரவும் கொஞ்சதூரம் போகும்.

மகள் அப்போது இங்கிலீஷ் பள்ளியில் சேர்ந்திருந்தாள். எனக்கோ அவள் பின்தங்கிவிடுவாளோ என்று சதா பயம். நாங்கள் தமிழ் வழியில் படித்து இந்த நகரத்தில் பட்ட அவமானங்கள் அவளுக்கு வரக்கூடாது என்ற வைராக்கியம். ஒருநாள் ஆபீஸில் மேலதிகாரியிடம் பேச்சு வாங்கிய கோபத்தோடு வீடு வந்திருந்தேன். அடுப்படியிலிருந்து கதை காதில் விழுந்தது. கரண்டியோடு வெளியே வந்து, "அம்மா, அதுல ரயிலே இல்லை. எழுதியிருக்கிறது ஒன்று, நீங்க சொல்றது ஒன்று. தப்புத்தப்பாச் சொல்லிக் குடுக்காதீங்க, பள்ளிக்கூடத்துல குழம்பிடுவா" என்றேன்.

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார்கள். "நீயே வாசிச்சுச் சொல்லு மக்கா, எனக்கு இந்த எழுத்துத் தெரியாதுல்லா" என்றார்கள். கோபமில்லை, அதுதான் இன்றும் சுடுகிறது. நான் இரண்டு பக்கம் வேகமாக வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய்விட்டேன். அதன் பிறகு தாயார் அந்தப் புத்தகத்தைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. ஊருக்குத் திரும்பினார்கள். ஏழு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தார்கள். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. நான் மறந்தே போயிருந்தேன்.

மகள் அழுத இரவுக்கு அடுத்த சனிக்கிழமை, அந்த யானையைத் தேடி மாட்டுங்கா போனேன். மகேஷ்வரி உத்யான் ஓரம், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இருப்பதை மும்பை வாசகர்கள் அறிவீர்கள். யானை கிடைக்கவில்லை. கடைக்காரர் குழந்தைப் புத்தகங்களின் ஒரு குவியலைக் காட்டி, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கையை விட்டுத் துழாவினேன். அடியிலிருந்து மூன்று கரடிகள் வந்தன.

அதே அட்டை. நாற்பது வருடங்களுக்குப் பிறகு. அங்கேயே நடைபாதையில், பஸ் சத்தத்துக்கு நடுவில், முதன்முறையாக எழுத்துக்களை வாசித்தேன். சுள்ளி பொறுக்கும் பிள்ளை இல்லை. தச்சு வேலை தெரிந்த அப்பா கரடி இல்லை. அவருக்கு மிகாயில் இவானிச் என்று பெயர், கோபத்தில் கர்ஜிக்கிறார். குட்டிக் கரடி தன் கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பிடியுங்கள் என்று கத்துகிறது, கடிக்கப் பார்க்கிறது. பெண் ஜன்னல் வழியாக உயிர் தப்பி ஓடுகிறாள். கரடிகளால் அவளைப் பிடிக்க முடியவில்லை. அவ்வளவுதான் கதை.

போயிட்டு வா மக்கா என்று யாரும் சொல்லவில்லை.

மழை தூற ஆரம்பித்திருந்தது. கடைக்காரர் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் குவியலை மூடினார். நான் அசையாமல் நின்றேன். தப்புத்தப்பாச் சொல்லிக் குடுக்காதீங்க என்று யாரைச் சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சிறு வயதின் மிகப் பத்திரமான இடம் எது என்று யாராவது கேட்டிருந்தால் அந்தக் கரடி வீட்டைத்தான் சொல்லியிருப்பேன். அந்த வீட்டைக் கட்டியது டால்ஸ்டாய் அல்ல, வஸ்னெத்ஸோவும் அல்ல.

வீட்டுக்கு வந்து இந்தக் கதையின் பூர்வீகத்தைத் தேடினேன். இங்கிலாந்தில் ராபர்ட் சதே என்ற கவிஞர் 1837-இல் இதை அச்சிட்டபோது கரடி வீட்டுக்குள் நுழைந்தது சிறுமியே அல்ல, வாய்த்துடுக்குள்ள ஒரு கிழவி. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பின் ஜோசப் கண்டல் என்பவர், கிழவிகள் கதையில் ஏராளம் இருக்கிறார்கள் என்று அவளைச் சிறுமியாக்கினார். டால்ஸ்டாய் தம் நாட்டு விவசாயப் பிள்ளைகளுக்காக 1875-இல் வெளியிட்ட வாசிப்புப் புத்தகத்தில் அதைச் சேர்த்து, கரடிகளுக்கு ரஷ்யப் பெயர் வைத்தார். ஆக, கையில் கிடைத்த ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றித்தான் இருக்கிறார்கள். தேரிக்காட்டு ஓரத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் என் தாயார் செய்ததும் அதுவே. அவர்களுக்கு மட்டும் நான் தப்பு என்றேன்.

இளம் தாய்மாருக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். ஊரிலிருந்து தாயோ மாமியாரோ வந்திருக்கையில், வாசிக்கத் தெரியாது என்று அவர்கள் கையில் படப் புத்தகம் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். எந்த மொழிப் புத்தகமானாலும் கொடுங்கள். கொடுத்துவிட்டு அடுப்படியில் உங்கள் வேலையைப் பாருங்கள். தமிழிலும் இன்று புத்தகங்களுக்குக் குறைவில்லை. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தக வரிசையில் ஒரே கதை, ஒரே படங்களோடு, தமிழ், இந்தி, மராத்தி என்று பல மொழிகளில் கிடைக்கும். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்களைப் போடுகிறது. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் தமிழ் மறந்துபோன தாய்க்கும் அவை ஒருசேர உதவும். பிரதம் புக்ஸ் 2015-இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

செல்போனில் ஓடும் கார்ட்டூனும் படம்தானே என்பீர்கள். அது பிள்ளைக்காக நிற்காது. காகிதத்தில் உள்ள கரடி, பிள்ளை விரல் வைத்துக் கேள்வி கேட்டு முடிக்கும்வரை அப்படியே காத்திருக்கும். பதில் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் தேவைப்படும். செல்போனுக்கு ஆள் தேவையில்லை, அதனால்தான் நாம் அதைக் கொடுக்கிறோம். நானும் கொடுத்திருப்பேன், 2004-இல் இருந்திருந்தால்.

கிழிந்ததைத் தூக்கி எறியுமுன் ஒரு வார்த்தை பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களுக்கு முப்பது வயதானாலும் கேளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு மகள் வந்திருந்தாள். கரடிப் புத்தகத்தை அவளிடம் காட்டி, ஆச்சி எனக்குச் சொன்ன விதமாகவே கதையைச் சொன்னேன். "இதை ஏம்மா எனக்குச் சொன்னதே இல்லை?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பிறகு ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஆச்சி அவளுக்குச் சொன்ன யானைக் கதையை அவள் வாயால் சொல்லச் சொல்லி எழுத ஆரம்பித்தேன். இருபது வருடம் கழித்தும் அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. யானைக்குட்டி தாதரில் ஏறியது. ஜன்னல் ஓர இடத்தை ஒரு சின்னப் பிள்ளைக்கு விட்டுக் கொடுத்தது. கட்டுச்சோற்றைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தது. டிக்கெட் பரிசோதகர் வந்து, தும்பிக்கைக்குத் தனி டிக்கெட் எங்கே என்று கேட்டார். சொல்லும்போது மகளின் பேச்சு தானாகவே எங்கள் ஊர்ப் பேச்சாக மாறிவிட்டது. அவளுக்கே அது தெரியவில்லை. சோலாப்பூர் வந்தது. யானைக்குட்டி தண்ணீர் பிடிக்கப் பிளாட்பாரத்தில் இறங்கியது.

மகள் நிறுத்திவிட்டாள்.

"பிறகு?" என்றேன்.

"பிறகு தெரியாதும்மா. அங்கதான் நீங்க கரண்டியோட வந்தீங்க."